அரச ஏட்டைக் கூறு போடலாமா?

முதல் பக்கத்தைத் திறந்ததும் கண்ணில் படுவது தங்கம். ‘தோன் பிலிப்’ என்று மன்னரின் பெயர் பெரிய பொன்னெழுத்துகளில் மின்னும். சுற்றிலும் நீலமும் சிவப்புமாகப் பூங்கொடிகள். குழந்தை இயேசுவை ஏந்திய மாதா ஒரு கட்டத்தில். அவர் முன்னே கைகூப்பி முழங்காலிட்ட ஒரு குடும்பம். இன்னொரு கட்டத்தில் வெள்ளைக் குதிரைமேல் வாளை ஓங்கிய சந்தியாகப்பர். 16ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் தோலில் எழுதி, ஓவியம் தீட்டி, ஈய முத்திரை தொங்கவிட்டுக் கொடுக்கப்பட்ட இந்த அரச ஆவணங்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இன்றும் விற்பனைக்கு வருகின்றன. சில முழு நூலாக வருகின்றன. வேறு சில, படம் உள்ள ஒற்றைத் தாளாக மட்டும் வருகின்றன.

அந்த ஒற்றைத் தாள்தான் உறுத்துகிறது. தாள் தனியாக வந்தால், நூலை யாரோ அறுத்திருக்கிறார்கள் என்று பொருள். சந்தையில் கத்தரிக்காயைக் கூறு போட்டு விற்பதுபோல ஒரு நீதிமன்றத் தீர்ப்பைப் பிரித்து விற்றிருக்கிறார்கள். ஓவியம் ஒரு வீட்டுச் சுவரில் இருக்கும். முத்திரை ஒரு சேகரிப்பாளரின் பெட்டியில் இருக்கும். எழுத்து மட்டும் உள்ள பக்கங்கள் எங்கே போயின என்றே தெரியாது. பழைய அரச ஆவணத்தை விற்பது குற்றமல்ல, வாங்குவதும் குற்றமல்ல. அதைப் பிரித்து விற்பதையும், வந்த வழியைச் சொல்லாமல் விற்பதையும் இனிமேலும் நாகரிக உலகம் பொறுத்துக்கொள்ளக் கூடாது.

ஏன் என்று விளங்க, அந்தப் பக்கங்களில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஸ்பானிய மொழியில் இந்த ஆவணத்தின் பெயர் ‘கார்த்தா எஹெகுதோரியா தெ இதால்கியா’. இன்னார் ‘இதால்கோ’ எனப்படும் சிறு பிரபு வகுப்பைச் சேர்ந்தவர் என்று மன்னரின் பெயரால் உயர் நீதிமன்றம் அளித்த இறுதித் தீர்ப்பின் பத்திரம் அது. அன்றைய காஸ்டீல் நாட்டில் வரி கட்டுகிறவர், கட்டாதவர் என்பதே ஊரைப் பிரித்த கோடு. மன்னருக்கு நேர்வரி செலுத்தும் சாமானியரைப் ‘பெச்செரோ’ என்றார்கள். இதால்கோவுக்கு அந்த வரி இல்லை. கடன்பட்டார் என்பதற்காக அவரைப் பொதுவாகச் சிறையில் அடைக்க முடியாது. அவருடைய குதிரையையும் ஆயுதங்களையும் கடன்காரர் எடுத்துச் செல்ல முடியாது. சோழர் கல்வெட்டுகளில் ‘இறையிலி’ என்ற சொல்லைப் படித்தவர்களுக்கு இந்தச் சலுகையின் அருமை சட்டென்று பிடிபடும்.

இந்தச் சலுகை எளிதில் கிடைத்துவிடவில்லை. ஊர் மன்றம் ஒருவரின் பெயரை வரிப் பட்டியலில் ஏற்றிவிடும். தன் குலத்தை இழிவுபடுத்திவிட்டார்கள் என்று அவர் வழக்குத் தொடுப்பார். தேகஸ் ஆற்றுக்கு வடக்கே உள்ளவர்கள் 1371இல் நிறுவப்பட்ட வய்யடோலிட் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். தெற்கே உள்ளவர்களுக்காக 1494இல் சியுடாட் ரியலில் இன்னொரு நீதிமன்றம் ஏற்பட்டது. 1505இல் அது கிரனாடாவுக்கு மாறியது. எதிர்த்தரப்பில் ஊர் மன்றமும் நிற்கும், மன்னரின் வழக்கறிஞரும் நிற்பார். ஊருக்கு மொத்தமாக விதித்த வரியைப் பங்கிட்டுக் கொள்ளும் ஏற்பாட்டில், ஒருவர் விலகிக்கொண்டால் அவருடைய பங்கு அண்டை வீட்டாரின் தலையில் விழும். ஊர் சும்மா விடுமா?

வழக்காடுபவர் தானும், தந்தையும், தந்தையின் தந்தையும் வரி கட்டாதவர்கள் என்று மெய்ப்பிக்க வேண்டும். மூன்று தலைமுறைக் கதையை யார் சொல்வார்கள்? ஊரின் முதியவர்கள்தான். அவர்களைக் கூட்டிவந்து சத்தியம் வாங்கி, பெயர், வயது, ஊர் எல்லாவற்றையும் கேட்டு எழுதினார்கள். இன்னாருடைய தாத்தாவை நேரில் பார்த்திருக்கிறாயா, அவர் எந்தத் தெருவில் குடியிருந்தார், வரி வசூலிப்பவர் அந்த வீட்டுக்குப் போனாரா என்று கேள்விகள் நீளும். உழவரும் மேய்ப்பரும் கைவினைஞரும் சொன்ன பதில்கள் இந்த ஏடுகளில் பக்கம் பக்கமாகப் பதிவாகியிருக்கின்றன. எழுதப் படிக்கத் தெரியாத எத்தனையோ பேரின் நினைவுகள் வேறெங்கும் எழுத்தேறவில்லை. இங்கே மட்டும் மன்னரின் பெயரால் தோலில் ஏறியிருக்கின்றன.

ஓவியத்தை அறுத்தெடுப்பவர் குப்பை என்று ஒதுக்குவது இந்தப் பக்கங்களைத்தான்.

மன்னரின் பெயரில் தொடங்கினாலும் இத்தகைய ஏட்டை மன்னர் கையால் தொட்டிருக்க வேண்டிய அவசியம் இல்லை. கையெழுத்திட்டவர்கள் நீதிபதிகளும் நீதிமன்ற எழுத்தர்களும். தங்கமும் ஓவியமும் அரண்மனைக் கொடையும் அல்ல. வழக்கில் வென்ற குடும்பம் தன் கைக்காசைச் செலவழித்து ஓவியரிடம் கொடுத்துத் தீட்டிக்கொண்டது. பல ஆண்டு அலைச்சலுக்குப் பிறகு கிடைத்த தீர்ப்பு அல்லவா! ஆட்டுத் தோலையோ கன்றுத் தோலையோ சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிர் நீக்கி, சட்டத்தில் இழுத்துக் கட்டி, பிறை வடிவக் கத்தியால் சுரண்டி, இழுவிசை தளராமலே காயவிட்டுச் செய்த ஏடு அது. ஓக் மரத்து மாசிக்காயும் இரும்பு உப்பும் சேர்த்துக் காய்ச்சிய மையால் எழுதினார்கள். ஓவியம் உரசிப் போகாதிருக்க அதன்மேல் பட்டுத் துணியைத் திரைபோலத் தைத்து வைத்த பிரதிகளும் உண்டு. கடைசியாக, பல வண்ணப் பட்டு நூலில் ஈய முத்திரையைக் கோத்தார்கள். நம் செப்பேடுகளின் வளையத்தில் புலியும் மீனும் பொறித்த முத்திரை செய்த வேலையை அங்கே இந்த ஈய வில்லை செய்தது. தாள்கள் ஒன்றாக இருக்கின்றன, ஒன்றும் குறையவில்லை, ஒன்றும் கூடவில்லை என்பதற்கு அதுவே உறுதி.

முழுமைதான் இந்த ஆவணத்தின் உயிர் என்பதை அதைச் செய்தவர்களே அறிந்திருந்தார்கள்.

இரண்டாம் பிலிப்பின் காலம் 1556 முதல் 1598 வரை. அவர் பெயரில் வந்த ஏடுகள் பட்டங்களின் நீண்ட வரிசையோடு தொடங்கும்: காஸ்டீல், லியோன், அரகான், இரு சிசிலிகள், ஜெருசலேம் என்று அடுக்கிக்கொண்டே போகும். 1580இல் போர்ச்சுகலும் அவர் கைக்கு வந்த பிறகு, ‘கிழக்கிந்தியா’வும் அந்த வரிசையில் இடம்பெற்றது. அந்தச் சொல்லுக்குள் போர்ச்சுகீசியர் வசமிருந்த சாந்தோமும் நாகப்பட்டினமும் மன்னார்க் கோட்டையும் அடங்கும். காஸ்டீலின் ஏதோ ஒரு சிற்றூரில் வரிப் பட்டியலிலிருந்து பெயரை நீக்கக் கேட்ட வழக்கின் தலைப்பில் நம் கடற்கரையும் ஒளிந்திருக்கிறது. அறுத்தெடுத்த ஓவியத்தை மட்டும் வாங்கியவர் இதை எப்படி அறிவார்?

ஏடு சொல்வதும் சொல்லாததும் சேர்ந்ததே வரலாறு. அதற்கு அவிலாவின் புனித தெரேசாவின் குடும்ப வழக்கைவிட நல்ல சான்று இல்லை. தெரேசா 1515இல் பிறந்தவர். அவருக்கு நான்கு வயதானபோது, 1519இல், தந்தை அலோன்சோவும் சித்தப்பா பெரியப்பாக்களும் வரி விலக்குக் கேட்டு வழக்காடினார்கள். வென்றார்கள். வெளியுலகுக்கு அது ஒரு பிரபுக் குடும்பத்தின் பெருமைப் பத்திரம். அந்த வழக்கின் தாள்களோ வேறொரு கதையை வைத்திருந்தன. யூதராக இருந்து கிறிஸ்தவரான அவர்களுடைய தந்தை, தொலேதோவில் 1485இல் சமய விசாரணை மன்றத்தின் முன் நின்று தவத் தண்டனை ஏற்றவர் என்ற செய்தி அதில் இருந்தது. நர்சீசோ அலோன்சோ கோர்த்தேஸ் என்ற ஆய்வாளர் அந்தத் தாள்களை வய்யடோலிடில் கண்டெடுத்து 1946இல் வெளியிட்டார். ஸ்பெயினின் மிகப் பெரிய புனிதர்களில் ஒருவரின் பாட்டனார் யார் என்பது அவர் 1622இல் புனிதராக அறிவிக்கப்பட்டு முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்துத்தான் உலகுக்குத் தெரிந்தது. படத்தை வைத்துக்கொண்டு பத்திரத்தை எறிந்திருந்தால் அது தெரிந்திருக்குமா?

இலக்கியத்துக்கும் இதில் பங்கு உண்டு. செர்வான்டிஸின் தந்தை ரோட்ரிகோ 1552இல் வய்யடோலிடில் கடனுக்காகச் சிறைப்பட்டார். தான் இதால்கோ, தன்னை அடைக்கக் கூடாது என்று சாட்சிகளை வைத்து வாதாடினார். அப்போது மகனுக்கு ஐந்து வயதுகூட நிரம்பவில்லை. அந்த மகன் 1605இல் வெளியிட்ட நாவலின் நாயகன் டான் குயிக்ஸாட் ஓர் ஏழை இதால்கோ. தலைப்பிலேயே அந்தச் சொல் இருக்கிறது. கையில் காசில்லாமல் கௌரவத்தை மட்டும் கட்டிக்கொண்டு வாழ்ந்த ஒரு வகுப்பை அவர் தன் வீட்டிலேயே பார்த்து வளர்ந்தவர்.

இந்த ஏடுகள் சந்தைக்கு எப்படி வந்தன? 1834இல் பழைய நீதிமன்றங்கள் இரண்டும் ஒழிந்தன. அதே காலத்தில் பிரபுக்களின் வரி விலக்கும் பொருளிழந்தது. தலைமுறைகளாகப் பெட்டியில் பூட்டி வைத்த பத்திரம் ஒரே நாளில் வெறும் நினைவுப் பொருளானது. பாகப்பிரிவினையும் வறுமையும் போரும் அவற்றைப் பழம்பொருள் வணிகர்களிடம் சேர்த்தன. பல கடல் கடந்தன. ஆர்ச்சர் ஹன்டிங்டன் 1904இல் நியூயார்க்கில் நிறுவிய ஹிஸ்பானிக் சொசைட்டி இத்தகைய பல ஏடுகளை முழு நூல்களாகப் பாதுகாத்து வருகிறது. இது சந்தை செய்த நன்மை. அதை மறுக்க வேண்டியதில்லை.

மறுபக்கமும் இருக்கிறது. கலையை நேசித்தவர்களே கத்தியை எடுத்தார்கள். கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் 19ஆம் நூற்றாண்டில் தம்மிடமிருந்த இடைக்காலச் சுவடிகளை வெட்டிப் பக்கங்களை நண்பர்களுக்கும் மாணவர்களுக்கும் கொடுத்தார். அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் கலை ஆசிரியராக இருந்த ஆட்டோ ஈகே, 20ஆம் நூற்றாண்டில் அதையே ஒரு தொழில்போல நடத்தினார். வெவ்வேறு சுவடிகளிலிருந்து பிரித்த 50 ஏடுகளை ஒரு பெட்டியில் அடுக்கி, அப்படி 40 பெட்டிகள் தயாரித்தார். முழு நூல் வாங்க வசதியில்லாத சிறு ஊர்க் கல்லூரியும் ஒரு ஏட்டையாவது தொட்டுப் பார்க்கட்டும் என்பது அவர் சொன்ன நியாயம்.

அந்த நியாயத்தைத் தள்ளிவிட முடியாது. ஒரு சிற்றூர் நூலகத்தில் 13ஆம் நூற்றாண்டின் ஓர் ஏட்டைப் பார்த்து வியந்த பிள்ளைகள் இருக்கத்தான் செய்வார்கள். ஆனால் விலை என்ன? பிரான்சின் போவே நகரத் தேவாலயத்துக்கென 1290 வாக்கில் எழுதிய ஒரு வழிபாட்டு நூல் பத்திரிகை அதிபர் வில்லியம் ராண்டால்ஃப் ஹர்ஸ்டிடம் முழுதாக இருந்தது. 1942இல் அதை அவர் விற்றார், வாங்கியவர்கள் பிரித்தார்கள். அதன் ஏடுகள் நாடு நாடாகச் சிதறின. ஆய்வாளர் லிசா ஃபேகின் டேவிஸ் பல ஆண்டுகளாகத் தேடி நூற்றுக்கும் மேற்பட்ட ஏடுகளை அடையாளம் கண்டு, கணினித் திரையிலாவது ஒன்றுசேர்த்து வருகிறார். 2022இல் மெய்ன் மாநிலத்தில் ஒரு வீட்டுப் பொருள் விற்பனையில் 75 டாலருக்கு விலைபோன ஒரு தாளும் அந்த நூலைச் சேர்ந்ததே. அறுக்க ஒரு மாலைப்பொழுது போதும். கூட்டிச் சேர்க்க ஓர் ஆய்வாளரின் வாழ்நாளே வேண்டியிருக்கிறது. தொட்டுப் பார்க்கும் மகிழ்ச்சியை இன்று உயர்தரப் படங்களும், நூலகங்களுக்கிடையே நடக்கும் கண்காட்சிக் கடன்களும் பெருமளவு தந்துவிடுகின்றன. ஈகேயின் வாதத்துக்கு அவர் காலத்தில் இருந்த பலம் இப்போது இல்லை.

இரண்டாவது குறை, வந்த வழி தெரியாமை. ஒரு சென்ட் நிலம் வாங்குகிறவர்கூடத் தாய்ப்பத்திரம் கேட்கிறார். வில்லங்கம் போட்டுப் பார்க்கிறார். நானூறு ஆண்டுப் பழமையான அரச ஆவணத்துக்கோ ‘ஐரோப்பியத் தனியார் சேகரிப்பு’ என்ற மூன்றே சொற்கள் பல விற்பனைப் பட்டியல்களில் போதுமானதாக இருக்கின்றன. மெக்சிகோவின் தேசியக் காப்பகத்தில் நடந்தது நினைவில் இருக்க வேண்டும். மெக்சிகோவைக் கைப்பற்றிய ஸ்பானியத் தளபதி எர்னான் கோர்த்தேஸ் 1527இல் கையொப்பமிட்ட ஒரு தாள் அங்கிருந்து திருடுபோனது. 1993இல் மைக்ரோஃபிலிம் எடுக்கும்போதுதான் 15 தாள்கள் காணாமல் போனது தெரிந்தது. காப்பகம் முன்பே தாள்களுக்கு எண் இட்டு வைத்திருந்ததால், திருட்டு நடந்த காலத்தைக் கணிக்க முடிந்தது. அமெரிக்காவில் அகப்பட்ட அந்தத் தாளை 2025இல் எஃப்பிஐ மெக்சிகோவிடம் திருப்பிக் கொடுத்தது. எண் போடாத காப்பகங்கள் எத்தனை? அவற்றிலிருந்து போனவை யார் வீட்டுச் சுவரில் தொங்குகின்றன?

வந்த வழியைக் குறித்து வைத்தால் கிடைக்கும் பயனுக்கும் அண்மையில் ஓர் அருமையான சான்று கிடைத்தது. ஹார்வர்டு சட்டக் கல்லூரி 1946இல் 27.50 டாலர் கொடுத்து இங்கிலாந்தின் உரிமைச் சாசனமான ‘மாக்னா கார்ட்டா’வின் நகல் ஒன்றை வாங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு லண்டன் ஏலத்தில் அது 42 பவுண்டுக்குப் போயிருந்தது. எண்பது ஆண்டுகள் அதை நகல் என்றே நம்பினார்கள். நூலகத்தின் இணையப் படத்தைத் தற்செயலாகப் பார்த்த பேராசிரியர் டேவிட் கார்பென்டருக்குச் சந்தேகம் எழுந்தது. அவரும் நிக்கோலஸ் வின்சென்டும் அளவையும் எழுத்தமைப்பையும் சொற்களையும் ஒப்பிட்டு, முதலாம் எட்வர்டு 1300இல் வழங்கிய அசல் அதுவே என்று 2025இல் அறிவித்தார்கள். 1945ஆம் ஆண்டின் விற்பனைப் பதிவு அழியாமல் இருந்ததால், அது யார் யார் கை மாறி வந்தது என்று பின்னோக்கித் தேடவும் முடிந்தது. 1297ஆம் ஆண்டின் இன்னொரு மாக்னா கார்ட்டா 2007இல் நியூயார்க் ஏலத்தில் 2.13 கோடி டாலருக்கு விற்றதை இதன் அருகே வைத்துப் பார்த்தால், அடையாளம் என்ற ஒன்று விலையை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்பது தெரியும். அந்தப் பிரதியை வாங்கிய டேவிட் ரூபன்ஸ்டைன் அதை வாஷிங்டன் தேசியக் காப்பகத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தார். தனியார் பணம் பொதுநன்மைக்கு எதிரியாக இருக்கத் தேவையில்லை என்பதற்கு அது நல்ல முன்மாதிரி.

ஆனால் ஒவ்வொரு முறையும் பெருமனம் படைத்த செல்வர் வருவார் என்று எண்ணி இருக்க முடியாது. அதற்குத்தான் சட்டம். பிரான்ஸ் 1921லேயே ஒரு வழி கண்டது: ஏலத்தில் சுத்தியல் விழுந்ததும் அரசுப் பிரதிநிதி எழுந்து, அதே விலைக்கு அரசு எடுத்துக்கொள்ளும் என்று அறிவிக்கலாம். ஸ்பெயினின் 1985ஆம் ஆண்டு வரலாற்று மரபுச் சட்டமும் அந்த முன்னுரிமையை அரசுக்கு அளிக்கிறது. நூறாண்டு கடந்த ஆவணங்களை நாட்டின் ஆவண மரபாகக் கருதுகிறது. அனுமதியின்றி நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகவும் தடை விதிக்கிறது. விற்பவருக்கு நட்டமில்லை, ஏலத்தில் கிடைத்த விலை அவருக்கே போகிறது. வாங்க வந்தவர் ஏமாறுகிறார், உண்மைதான். ஒரு ஊரின் மூன்று தலைமுறைச் சாட்சியம் அந்த ஊர் இருக்கும் நாட்டிலேயே தங்குவதற்கு அது பெரிய விலை அல்ல.

சிக்கல் என்னவென்றால், ஸ்பெயினின் சட்டம் ஸ்பெயினோடு நின்றுவிடுகிறது. நூறாண்டுக்கு முன்பே கடல் கடந்த ஏட்டை அது எட்டாது. எனவே விற்பனை நடக்கும் நாடுகளும் ஏல நிறுவனங்களும் மூன்று விதிகளைத் தாமாகவே ஏற்க வேண்டும். கட்டுக் குலையாத நூலைப் பிரித்து விற்பதில்லை என்பது முதலாவது. முந்தைய உரிமையாளர், முந்தைய விற்பனை ஆகிய விவரங்களை ஆண்டோடு பட்டியலில் அச்சிடுவது இரண்டாவது. விற்பனைக்கு முன் எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து ஒரு பொது நூலகத்திடம் கொடுத்துவிடுவது மூன்றாவது. கைபேசிகூட நல்ல படம் எடுக்கும் காலத்தில் மூன்றாவது விதிக்குச் செலவைக் காரணம் காட்ட முடியாது.

வாங்குகிறவருக்கும் கடமை உண்டு. தோல் ஏடு ஈரத்தைக் குடித்தால் நெளியும். நெளிந்தால் மேலே உள்ள வண்ணம் செதில் செதிலாக உதிரும். வெயில் படும் கூடத்தில் சட்டம் போட்டு மாட்டினால் வண்ணங்கள் வெளுக்கும். அழகுக்காக வாங்கியதை அந்த அழகே இல்லாமல் செய்துவிடும் வழி அது.

ஏற்கெனவே அறுபட்டுப் போன தாள்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. தீர்ப்பை வழக்காடியவருக்குக் கொடுத்தபோது நீதிமன்றம் தனக்கென்று ஒரு பதிவை வைத்துக்கொண்டது. தங்கமும் இல்லை, ஓவியமும் இல்லை. காகிதத்தில் எழுதிய எளிய பதிவு. வய்யடோலிடின் அந்தப் பதிவுகள் அந்நகரக் காப்பகத்தில் இன்றும் வரிசையாக இருக்கின்றன. அவற்றின் பட்டியலை ஸ்பெயின் அரசின் இணையதளத்தில் யாரும் தேடலாம். ஒற்றைத் தாள் ஒன்றைச் சட்டத்துக்குள் வைத்திருப்பவர் அதைக் கழற்றி, ஓவியத்தை மட்டுமல்லாமல் பின்புறத்தையும் படமெடுக்கட்டும். அங்கே ஒரு குடும்பப் பெயரோ, ஊரின் பெயரோ, பாதியில் நின்றுபோன ஒரு முதியவரின் சாட்சியமோ இருக்கலாம். அந்தப் பெயரைக் காப்பகத்துக்கு எழுதி அனுப்பினால், வாக்கியத்தின் மறுபாதி அந்தக் காகிதப் பதிவில் கிடைக்கக்கூடும்.